தலைவர்களையும் அடிமை முறையையும் பற்றிய படங்கள்: வரலாற்றைச் சரிபார்த்துத் திரையிட ஒரு முழுமையான வழிகாட்டி

2012-இல் வந்த ‘லிங்கன்’ படத்தைப் பார்த்து முடித்தவரிடம் “அமெரிக்க அடிமைகளை விடுவித்தது யார்?” என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பெயர்தான் பதிலாக வரும். தொப்பி, தாடி, மேசை விளக்கு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்த படம் அது. ஆனாலும் அந்தப் பதில் அரைகுறையானது. தலைவர்களைப் பற்றிய படங்களில் பெரிய பிழை தேதியில் ஒளிந்திருப்பது அபூர்வம். யார் செய்தார்கள், யார் சும்மா நின்று பார்த்தார்கள் என்பதில்தான் அது ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு முறை வேண்டும்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் இயங்கும் படிப்பகம், இளைஞர் மணிமன்றம், இடைநிலைப்பள்ளித் தமிழ்க் கழகம் ஆகியவற்றுக்காக இது எழுதப்படுகிறது. ஐந்து பேர், ஒரு மடிக்கணினி, இணையத் தொடர்பு, மூன்று வாரம் இருந்தால் போதும். படிவம் 4, 5 மாணவர்கள் இருவரும், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் அந்த ஐவரில் இருந்தால் வேலை நன்றாக நடக்கும்.

படி 1: எந்தப் படம், எந்தப் பிரதி

ஒரு தலைவரின் வாழ்நாள் முழுவதையும் சொல்லும் படத்தை முதலில் எடுக்காதீர்கள். ஐம்பது வருடக் கதையைச் சரிபார்க்கப் போனால் ஒன்றும் முடியாது. ‘லிங்கன்’ பெரும்பாலும் 1865 ஜனவரி மாதத்துக்குள் அடங்குகிறது. அதனால் ஆரம்பிப்பவர்களுக்கு அதுவே ஏற்றது.

பிரதியின் விவரத்தை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நம் நாட்டில் விற்ற பழைய டிவிடிகள் ‘பால்’ (PAL) என்ற ஒளிப்பதிவு முறையில் பதிவானவை. விநாடிக்கு 24 சட்டத்தில் (ஃபிரேம்) எடுத்த படம் அதில் 25 சட்டத்தில் ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருவர் டிவிடியிலும் இன்னொருவர் இணையத்திலும் பார்த்து நேரத்தைக் குறித்தால், படத்தின் பின்பாதியில் நான்கைந்து நிமிட வித்தியாசம் வந்து, இருவரும் வேறு வேறு காட்சியைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பீர்கள். தணிக்கையில் வெட்டுப்பட்ட பிரதி என்றால் இன்னும் குழப்பம். சவுக்கடிக் காட்சி இல்லாத பிரதியைப் பார்த்துவிட்டு, இயக்குநர் கொடுமையை மூடி மறைத்தார் என்று சொல்வது நியாயமாகாது.

படி 2: மூன்று முறை பாருங்கள்

முதல் முறை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் பாருங்கள். முடிந்தவுடன், ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன், ஆளுக்கொரு தாளில் மூன்று வரி எழுத வேண்டும்: இந்தப் படம் என்ன நடந்தது என்கிறது, யாரால் நடந்தது என்கிறது, எப்போது முடிந்தது என்கிறது. இந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். படம் பார்ப்பவர் மனத்தில் எதை விதைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இரண்டாம் முறை நோட்டோடு உட்காருங்கள். ஒரு பக்கத்தில் ஆறு கட்டம் போடுங்கள்: நேரம், காட்சி, படம் சொல்லும் செய்தி, செய்தியின் வகை, பார்த்த ஆவணம், முடிவு. செக்ரோல் (தோட்டத்தின் வருகைப் பதிவேடு) எழுதிப் பழகிய கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், யாராவது குழுவில் இருந்தால் நோட்டை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கட்டம் தவறாமல், அன்றன்றைக்கு எழுதும் பழக்கம்தான் இங்கே வேண்டும். ஒரு படத்துக்கு 25 முதல் 30 செய்திகள் போதும். நூறு எழுதினால் பத்தைக்கூட முடிக்க மாட்டீர்கள்.

மூன்றாம் முறை சந்தேகமான காட்சிகளை மட்டும் பாருங்கள். எண், பெயர், தேதி வரும் இடங்களில் தமிழ் அல்லது மலாய்த் துணையெழுத்தை நம்பாமல் ஆங்கில ஒலியைக் கேளுங்கள். தானாக உருவான துணையெழுத்தில் எண்களும் ஊர்ப் பெயர்களும் அடிக்கடி மாறிவிடும். படம் செய்யாத பிழையைப் படத்தின் தலையில் கட்டக்கூடாது.

படி 3: செய்திகளை வகை பிரியுங்கள்

எல்லா மாற்றமும் ஒரே எடை கொண்டது கிடையாது. பூட்டிய அறைக்குள் கணவனும் மனைவியும் பேசிய வார்த்தைகள் எந்த ஆவணத்திலும் இருக்காது. திரைக்கதை எழுதுபவர் அதைக் கற்பனை செய்தே ஆக வேண்டும். நாலு கூட்டத்தில் நடந்ததை ஒரே கூட்டமாகச் சுருக்குவதையும் பொறுத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு ‘க’ என்று குறியிடுங்கள்.

பதிவில் இருக்கும் ஒன்றை மாற்றினால் ‘மா’. இதில்தான் கவனம் வேண்டும். ‘லிங்கன்’ படத்தில், அடிமை முறையை ஒழித்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தத்துக்கான வாக்கெடுப்பில் கனெடிகட் மாநிலப் பிரதிநிதிகள் இருவர் ‘இல்லை’ என்று வாக்களிக்கிறார்கள். உண்மையில் அந்த மாநிலத்தின் நான்கு பிரதிநிதிகளும் ‘ஆம்’ என்றே வாக்களித்தார்கள். அவர்களில் ஜேம்ஸ் இங்கிலிஷ் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர். கட்சியின் போக்கை மீறி அவர் போட்ட வாக்கு அது. 2013-இல் அதே மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஜோ கோர்ட்னி இதைச் சுட்டிக்காட்டினார். வாக்கெடுப்பின் பரபரப்புக்காக மாற்றியதாகத் திரைக்கதை ஆசிரியர் டோனி குஷ்னர் ஒப்புக்கொண்டார். படத்தில் மாநிலம் மாநிலமாகப் பெயர் வாசிக்கிறார்கள். நிஜத்தில் வாசித்தது அகர வரிசையில். வரிசையை மாற்றியது சிறு விஷயம். ஒரு மனிதர் துணிந்து போட்ட வாக்கைத் தலைகீழாக்கியது சிறு விஷயம் ஆகாது. பெயர்களைக் கற்பனைப் பெயர்களாக மாற்றியதாலும் அது சரியாகிவிடாது, ஏனென்றால் மாநிலத்தின் பெயர் நிஜமாகவே இருக்கிறது.

பதிவில் இருப்பதை விட்டுவிட்டால் ‘வி’. இந்த வகையைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள், ஏனென்றால் அது திரையிலேயே இருக்காது. படி 5 முழுவதும் இதற்காகவே.

படி 4: எங்கே பார்ப்பது

இணையத்தில் ஒரே தவறை நாற்பது தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கும். நாற்பது இடத்தில் இருப்பதால் அது உண்மையாகிவிடாது. படத்தின் விளம்பர நூலும், பள்ளிகளுக்கென்று தயாரிப்பாளர் கொடுக்கும் பாடக் கையேடும் சான்றுகள் ஆகா. அவை படத்தின் தரப்பு.

நாடாளுமன்ற விஷயம் என்றால் நேரே அவைக் குறிப்புக்குப் போங்கள். அமெரிக்கக் காங்கிரஸின் அக்கால நடவடிக்கைகள் ‘காங்கிரஷனல் குளோப்’ என்ற பதிவில் உள்ளன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1865 ஜனவரி 31-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தால் ஆம், இல்லை என்று இரண்டு பெயர்ப் பட்டியல்கள் இருக்கும். 119 பேர் ஆதரவு, 56 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் தேவையானது 117. தப்பிப் பிழைத்தது இரண்டே வாக்கில். மாணவர்களையே இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். முந்திய ஜூன் மாதம் இதே திருத்தம் 93-க்கு 65 என்ற கணக்கில் தோற்றிருந்தது என்பதையும் அவர்களே தேடட்டும். அந்த இரண்டு பட்டியல்களைக் கண்ணால் பார்த்த பிள்ளை, அடுத்த படத்தில் வாக்கெடுப்பு வரும்போது தானாகவே நோட்டை எடுக்கும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஹன்சார்ட் என்ற அவைக் குறிப்பு இருக்கிறது. அதன் பழைய தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸைப் பற்றிய ‘அமேசிங் கிரேஸ்’ படத்தில் மன்னரின் மகனான கிளாரன்ஸ் கோமகன் மக்களவையில் உட்கார்ந்து எதிர்த்துப் பேசுகிறார். அவர் பிரபுக்கள் அவையைச் சேர்ந்தவர். அடிமை வணிகத்துக்கு ஆதரவாக அவர் பேசியதும் அங்கேதான்.

தன்வரலாறு ஒன்றை வைத்து எடுத்த படம் என்றால் மூல நூலை அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பிடுங்கள். சுதந்திர மனிதராக இருந்து கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட சாலமன் நார்த்தப் 1853-இல் வெளியிட்ட நூல் பதிப்புரிமை முடிந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத் தளத்தில் முழுதாக இருக்கிறது. அதைத் தழுவிய ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ நம்பகமான படம்தான். ஆனாலும் கப்பல் காட்சியில் ராபர்ட் என்ற கைதியை மாலுமி குத்திக் கொல்கிறான். நூலில் ராபர்ட் அம்மை கண்டு இறக்கிறார். அதற்கு முன் நார்த்தப்பும் ராபர்ட்டும் ஆர்தர் என்பவரும் சேர்ந்து கப்பலைக் கைப்பற்றத் திட்டம் போட்டிருந்தார்கள். ராபர்ட்டின் நோயால்தான் அது கைவிடப்பட்டது. மாற்றம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்: திட்டம் தீட்டிய மனிதர்கள் திரையில் முக்கியமாக அடிபடும் மனிதர்களாகவே தெரிகிறார்கள்.

மேற்கோள்களுக்குத் தனி எச்சரிக்கை. லிங்கன் பெயரில் உலவும் பொன்மொழிகளில் பல அவருடையவை அல்ல. அவருடைய எழுத்துகளின் தொகுப்பு மிச்சிகன் பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு உள்ளது. அதில் இல்லாத வாசகத்தைச் சுவரொட்டியில் போடாதீர்கள். படத்தின் தொடக்கத்தில் சிப்பாய்கள் கெட்டிஸ்பர்க் உரையை மனப்பாடமாக அவரிடமே ஒப்பிப்பதும் இந்த வகைதான். 1863 நவம்பர் 19-இல் பேசிய அந்தச் சிற்றுரை எல்லாரும் மனப்பாடம் செய்யும் உரையானது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

படி 5: யார் செய்தார்கள்?

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் தலைவர், மந்திரி, வழக்கறிஞர் போன்றவர்கள். மற்றதில் அடிமைப்பட்டவர்களும் அவர்கள் இனத்தாரும். படம் ஓட ஓட, ஒருவர் தானே முடிவெடுத்துச் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கோடு போடுங்கள். அழுவது, நன்றி சொல்வது, கதவைத் திறந்துவிடுவது, மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பது எதுவும் கணக்கில் வராது. படம் முடிந்ததும் இரண்டு கட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிறகு ஆவணத்திலிருந்து அதே தாளை மறுபடி நிரப்புங்கள். 1861 மே மாதம், வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கி ஏறத்தாழ ஆறு வாரத்தில், ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் வர்ஜீனியாவில் தப்பி மன்ரோ கோட்டைக்குப் படகில் வந்தார்கள். அவர்களைத் திருப்பித் தர வடக்குப் படையின் ஜெனரல் பட்லர் மறுத்தார். அவர்கள் பின்னால் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கினார்கள். இப்படி வந்தவர்களை என்ன செய்வது என்று அரசாங்கம் முடிவெடுத்தே ஆக வேண்டியதாயிற்று. 1863 ஜனவரி 1-இன் விடுதலைப் பிரகடனத்துக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே இது நடந்தது. அந்தப் பிரகடனமும் வடக்கோடு நின்ற அடிமை மாநிலங்களைத் தொடவில்லை. பிரகடனத்துக்குப் பின் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தார் வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டார்கள்.

1864 பிப்ரவரி 9 அன்று, அடிமை முறையை ஒழிக்கக் கோரி ஒரு லட்சம் பேர் கையொப்பமிட்ட மனுக் கட்டுகளை இரண்டு கறுப்பின மனிதர்கள் செனட் அவைக்குள் தூக்கிவந்து செனட்டர் சார்ல்ஸ் சம்னரின் மேசையில் வைத்தார்கள். மனுவைத் திரட்டியது எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் ஆண்டனி ஆகியோர் தொடங்கிய பெண்கள் சங்கம். இந்தப் பெண்களும், அடிமையாயிருந்து தப்பி விடுதலைக்காகப் பேசிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸும் ‘லிங்கன்’ படத்தில் இல்லை. வெள்ளை மாளிகையில் வேலை செய்த வில்லியம் ஸ்லேடும் தையற்கலைஞர் எலிசபெத் கெக்லியும் இருக்கிறார்கள். தலைநகரத்துக் கறுப்பின மக்களிடையே பொதுப்பணியில் முன்னின்ற இருவரும் திரையில் பெரும்பாலும் அருகில் நிற்பவர்களாகவே வருகிறார்கள். ஜனவரி மாதக் கதைதானே, முந்தியதை எப்படிக் காட்ட முடியும் என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த மாதத்தைக் கதையாக எடுப்பது என்பதே ஒரு தேர்வு. பேரம் நடந்த மாதத்தை எடுத்தால் பேரம் பேசியவர்தான் நாயகன்.

இன்னொரு வகைப் பிழை, அடிமைக் கப்பலைக் கைப்பற்றிய ஆப்பிரிக்கர்களின் வழக்கைப் பற்றிய ‘அமிஸ்டாட்’ படத்தில் இருக்கிறது. அதில் வரும் தியோடர் ஜோட்சன் என்ற கறுப்பினத் தலைவர் முழுக்கக் கற்பனை. விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உழைத்த கறுப்பினப் போதகர் ஜேம்ஸ் பென்னிங்டன் போன்றவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். நிஜ மனிதர் இருக்க, கற்பனை மனிதரைக் கொண்டுவந்தால் நிஜ மனிதரின் பெயர் யாருக்கும் தெரியாமல் போய்விடும். நோட்டில் இதற்கும் ‘வி’ போடுங்கள்.

படி 6: படம் எந்தத் தேதியில் முடிகிறது, அடுத்து என்ன நடந்தது

படம் முடியும் நாளுக்குப் பின் வந்த ஆண்டுகளில் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ‘அமேசிங் கிரேஸ்’ 1807-இன் வெற்றியோடு முடிகிறது. அன்று நின்றது அடிமைகளைக் கப்பலேற்றி விற்கும் வணிகம் மட்டும். பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்து, 1834 ஆகஸ்ட் 1-இல் அமலானது. அதிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலங்களும் இலங்கையும் விலக்கப்பட்டன. விடுவிக்கப்பட்டவர்கள் 1838 வரை ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் அதே முதலாளியிடம் உழைக்க வேண்டியிருந்தது. நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. அது போனது அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு. யார் யாருக்கு எவ்வளவு என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் தொகுத்த தரவுத்தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம்.

அதில் ஜான் கிளாட்ஸ்டன் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். பிற்காலப் பிரதமரின் தந்தை. 2,500-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டஈடு வாங்கியவர். அதே மனிதர் 1836-இல் கல்கத்தாவிலுள்ள ஓர் ஏஜென்சிக்குக் கடிதம் எழுதி, தன் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளர்களை அனுப்பக் கேட்டார். 1838 மே மாதம் ‘விட்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்ற கப்பல்கள் அவர்களைக் கொண்டு கயானாவில் சேர்ந்தன. மொரிஷியஸுக்கு இந்தியத் தொழிலாளர்கள் 1834-லேயே போகத் தொடங்கிவிட்டார்கள். மலாயாவுக்குத் தமிழர்களைக் கொண்டுவந்த ஒப்பந்த முறையும் அதே ஏற்பாட்டின் தொடர்ச்சி. இங்கே அது 1910-இல் ஒழிக்கப்பட்டது. ஆள் சேர்க்கும் கங்காணி மூலமும், பயணச் செலவு கொடுத்துக் கொண்டுவரும் உதவிப் பயணத்தின் மூலமும் வருவது 1938-இல் இந்திய அரசாங்கத்தின் தடையோடு நின்றது. வில்பர்ஃபோர்ஸ் படம் முடிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி நம் லயத்துக் கதை தொடங்குகிறது. தோட்டப் பட்டணத்தில் இந்தப் படங்களைக் கவனமாகப் பார்க்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

ஆனால் இங்கே ஒரு தவறு வழக்கமாக நடக்கும். உணர்ச்சி வேகத்தில் “நாமும் அடிமைகள்தான்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள், கூட்டம் கைதட்டும். கூட்டத்தை நடத்துபவர் நிதானமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். அடிமை சட்டப்படி ஒருவரின் சொத்து. விற்கலாம், அடமானம் வைக்கலாம், அவள் வயிற்றில் பிறந்த பிள்ளையும் அடிமை. ஒப்பந்தக் கூலிக்குத் தவணை உண்டு, கூலி உண்டு, ஆனால் தவணை முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. கங்காணி முறையில் எழுத்து ஒப்பந்தம் இல்லை, கடனும் ஊர் உறவும் கட்டிப்போட்டன. மூன்றும் கொடுமையே. மூன்றையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பினால், சந்தையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரமும் மறையும், பிரட்டுக்களத்தில் (காலையில் தொழிலாளர்களைக் கூட்டும் இடம்) இருட்டில் பெயர் கூப்பிட நின்ற பாட்டியின் துயரமும் மறையும்.

படி 7: திரையிடும் மாலை

வீட்டுச் சந்தாவில் பார்க்கும் படத்தை மண்டபத்தில் போட உரிமை கிடையாது. உரிமையாளரின் அனுமதியும் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் அனுமதி பெற்ற பிரதியும் வேண்டும். இதை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

150 நிமிடப் படத்தையும் ஒரு மணி நேரக் கலந்துரையாடலையும் ஒரே இரவில் வைத்தால், பேச வேண்டிய நேரத்தில் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். காலையில் பால்மரமோ செம்பனையோ காத்திருக்கிறது. இரண்டு இரவாகப் பிரியுங்கள், இரண்டாம் இரவு படம் குறைவாகவும் பேச்சு அதிகமாகவும் இருக்கட்டும். பேராக்கில் ஏழரை மணி ஆகாமல் இருட்டாது, திரை அதற்கு முன் வெளிறித் தெரியும். தகரக் கூரை மண்டபம் என்றால் அக்டோபர், நவம்பரைத் தவிர்க்கவும். மாலை மழை தகரத்தில் விழுந்தால் வசனம் ஒன்றும் கேட்காது, துணையெழுத்து மட்டுமே கைகொடுக்கும்.

முதலில் முடிவைச் சொல்லாதீர்கள். படத்தை நிறுத்த ஐந்து இடங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்புக் காட்சி முடிந்ததும் காங்கிரஷனல் குளோப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்து, கனெடிகட்காரர்களைத் தேடச் சொல்லுங்கள். கையில் தாள் இருந்தால் வாதம் குறைந்து தேடல் கூடும். “படம் முழுக்கப் பொய்” என்று ஒரு பக்கம் சாய்கிறவர்களுக்கு ஒரு செய்தி வைத்துக்கொள்ளுங்கள்: மிசிசிப்பி மாநிலம் 13-வது திருத்தத்தை 1995-இல்தான் ஏற்றது, அதற்கான தாளையும் முறைப்படி அனுப்பாமலே விட்டுவிட்டது. ‘லிங்கன்’ படத்தைப் பார்த்த, இந்தியாவிலிருந்து அங்கே குடியேறிய ஒரு பேராசிரியர் தேடப் போய்த்தான் அது வெளியே வந்தது. 2013 பிப்ரவரியில் பதிவானது. குறையுள்ள படமும் ஒருவரை ஆவணம் வரை அழைத்துப் போகும்.

பெரியவர்கள் பேசும்போது அவர்கள் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். அவர்கள் வாழ்ந்ததற்கு அவர்களே சாட்சி. அமெரிக்கத் தோட்டத்துக்கு அவர்களைச் சாட்சியாக்காதீர்கள்.

படி 8: அதே முறை நம் ஊருக்கு

இரண்டு படம் சரிபார்த்தபின் அதே நோட்டோடு இங்குள்ள வரலாற்றுக்குத் திரும்புங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையைப் பற்றி உலகம் அறிந்த படம் 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. இலங்கையில் எடுத்தது. 415 கிலோமீட்டர் பாதையை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஏராளம், இறந்தவர்களில் ஆசியத் தொழிலாளர்களே மிகப் பெரும்பான்மை. அந்தப் படத்தில் பாலம் கட்டுவது பிரிட்டிஷ் கைதிகள். பாலமும் நிஜத்தில் கமாண்டோக்களால் தகர்க்கப்படவில்லை. 1945-இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. நோட்டில் ‘வி’ எத்தனை விழுகிறது என்று மாணவர்களே எண்ணட்டும்.

பேராக்கின் முதல் ரெசிடெண்ட்டான (சுல்தானுக்கு ஆலோசகராக வந்த பிரிட்டிஷ் அதிகாரி) பர்ச்சின் கதையையும் எடுத்துப் பாருங்கள். 1875 நவம்பர் 2-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டவர். காலனியக் கதை அவரைக் கடனடிமைகளுக்கு (கடனைத் தீர்க்க முடியாமல் அடிமையானவர்களுக்கு) அடைக்கலம் தந்தவராக மட்டும் காட்டும். எதிர்க்கதை, அவரை எதிர்த்த மலாய்த் தலைவர் மகாராஜா லேலாவை வீரராகக் காட்டி, கடனடிமை முறையையே பேசாமல் விட்டுவிடும். அடைக்கலம் தேடி ஓடிவந்த கடனடிமைப் பெண்கள் இரண்டு கதையிலும் பேசுவதில்லை. அவர்களுக்கு ஒரு வரி தனியாக ஒதுக்குங்கள்.

மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தனைப் பற்றி இந்த ஊர் இளைஞர்கள் குறும்படம் எடுக்கக்கூடும், எடுக்கவும் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் 1960-இல் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களை வாங்கியது தொழிலாளர்கள் சேர்த்துக் கட்டிய பங்குப் பணத்தில். திரைக்கதை எழுதும்போது செயல் கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். மேடைப் பேச்சுக்கு நாலு காட்சி, பங்குப் பணம் கட்டிய பால்மரத் தொழிலாளிக்கு ஒரு காட்சியும் இல்லை என்றால், படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையைத் திருத்துங்கள். பழைய பங்குச் சீட்டு, சம்பளத் துண்டு, செக்ரோல் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, வெளிச்சம் படும் மேசையில் வைத்து நேராகப் படமெடுத்து, யார் வீட்டில் எப்போது கிடைத்தது என்று பின்பக்கம் எழுதாமல் தனித் தாளில் எழுதி இணையுங்கள். மூலச் சீட்டை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.